தைரியசாலி வேஷம்

பேய்ப்படத்துக்கு மனைவியை அழைத்துப் போவதற்கு முன், அதே படத்தை யாருக்கும் சொல்லாமல் தனியாகப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். எந்தக் கதவு எப்போது திறக்கும், கண்ணாடியில் எந்த இடத்தில் முகம் தெரியும் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்துகொள்வேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாவகாசமாகப் பாப்கார்ன் மெல்லுவேன். அவள் என் கையை இறுகப் பிடிப்பாள். "இதுக்கெல்லாமா பயப்படுவ?" என்று கேட்பதில் எனக்கு அப்படியொரு சுகம்.

தனியாகப் பார்க்கும்போது என் லட்சணம் வேறு. 2009இல் வந்த 'யாவரும் நலம்' படத்தில் மாதவன் வீட்டு டிவியில் பகல் ஒரு மணித் தொடர் ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொண்டேன். நம்மைத் தூக்கிவாரிப்போட வைப்பது பெரும்பாலும் சத்தம்தான். 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்த இயக்குநர் ஹிட்ச்காக்கூட, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின் அலறலைக் கேட்டபின் மனம் மாறினார்.

என் வேஷத்தை 1986இலேயே ஓர் ஆய்வு தோலுரித்துவிட்டது. அமெரிக்காவில் டால்ஃப் சில்மனும் அவரது குழுவினரும் கல்லூரி மாணவர்களை எதிர்பாலினத் துணையோடு உட்காரவைத்துத் திகில் படக் காட்சியைக் காட்டினார்கள். பக்கத்திலிருந்த பெண் பயந்ததுபோல் நடித்தபோது ஆண்கள் கூடுதலாக ரசித்தார்கள். அவள் அசராமல் பார்த்தபோது ரசனை குறைந்தது. நானும் பேயையா ரசித்தேன்? என் மனைவியின் பயத்தைத்தான்.

சில்மனின் இன்னொரு கருத்து அதைவிட உறைத்தது. பயத்தில் எகிறிய படபடப்பு உடனே அடங்காதாம். ஆபத்து விலகியதும் வரும் நிம்மதியில் கலந்து அதைப் பலமடங்கு சந்தோஷமாக்கிவிடுமாம். அலறிய அரங்கம் அடுத்த நொடியே கொல்லென்று சிரிப்பது இதனால்தான். அந்தச் சிரிப்பு எனக்கு வாய்த்ததில்லை. முதல்முறை காதைப் பொத்தித் தப்பித்தேன். மறுமுறை பயமே வரவில்லை. ஒரே படத்துக்கு இருமுறை காசு கொடுத்தவன் நான், படம் பார்த்தவள் அவள்.

இனி முன்கூட்டிப் போகமாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் பொய். பயந்த முகத்தை அவளிடம் காட்ட இன்னும் கூச்சமாக இருக்கிறது. அலறித் தீர்த்த அவள் வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் தூங்கிவிடுகிறாள். கூடத்து விளக்கை அணைக்காமல் படுப்பவன் நான். கேட்டால், கொஞ்சம் படிக்கணும் என்று சமாளிக்கிறேன்.