வேலிக்கும் தாருக்கும் நடுவே

காஹாங் என்றால் நம்மில் பலருக்கு அது வழியில் வரும் ஒரு திருப்பம், அவ்வளவுதான். குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிப் போகும் 50-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் ஓட்டினால் கடைவரிசை தென்படும். தியோமான் தீவுக்குப் படகு பிடிக்கப் போகிறவர்கள் இங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் நான்கு சக்கர இயக்க வண்டியில் உள்ளே திரும்பி, செம்பனைக்கு நடுவே 56 கிலோமீட்டர் குலுங்கிக் கம்போங் பேத்தாவைச் சேருவார்கள். காஹாங்கைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் குறைவு.

இந்த முறை நான் ஊரைத்தான் பார்த்தேன். அதிலும் ஊரின் ஓரங்களை. வீட்டு வேலிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஐந்தாறு அடி நிலம் கிடக்கிறதல்லவா, அதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் புல், ஒரு லோங்காங், ஒரு குப்பைத் தொட்டி, யாரோ நட்ட ஒரு மாமரம். அந்த ஐந்தாறு அடியால் என் பெரியம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஐந்து மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தீபாவளிக்கு முறுக்கு கூட மதில் தாண்டிப் போகவில்லை என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கதைக்கு முன் ஊரை ஒரு சுற்று வருவோம். காஹாங்கில் அரை மணி நேரம் சுற்றினால் போதும், சாலையோரத்தின் சொந்தக்காரர் பலமுறை மாறிவிடுவார். பெரிய சாலை கூட்டரசுடையது. அதன் ஓரம் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். பொறுப்பு. தாமானுக்குள் நுழைந்தால் ஊராட்சி மன்றத்தின் நிலம். தோட்டத்துக்குள் போனால் சாலை, ஓரம், லோங்காங் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். புல்லுக்கு மட்டும் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. இங்கே பெய்கிற மழைக்கு லாலாங் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில்தான் வளர்கிறது.

பெரிய சாலையின் ஓரத்தில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அடுத்தடுத்துப் போகின்றன. தாமானிலிருந்து மோட்டாரில் வரும் பிள்ளைகள் சந்தியில் நின்று வலப்பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த மூலையில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டால் லாரி வருவது தெரியாது. அழகுக்காக வெட்டுகிற புல் வேறு, சந்தியில் வெட்டியே ஆக வேண்டிய புல் வேறு.

சாலையோரப் புதருக்குப் பயந்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் கம்யூனிஸ்டு கொரில்லாக்கள் சாலையோரம் பதுங்கியிருந்துதான் வாகனங்களைத் தாக்கினார்கள். 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் அப்படித்தான் கொல்லப்பட்டார். மறு ஆண்டே, பதுங்க வாய்ப்புள்ள இடங்கள் என்று மலாயாவின் சாலையோரங்களில் சுமார் 1,250 ஏக்கருக்குக் களைக்கொல்லி அடித்தார்கள். பின்னாளில் வியட்நாமில் பெயர் கெட்டுப்போன மருந்தின் உறவினம் அது. சாலையோரப் புல் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அன்று அரசாங்கத்தின் பதில் களைக்கொல்லி வரைக்கும் போயிருக்கிறது!

இனி தாமானுக்குள் போவோம்.

பெரியம்மா வீடு வரிசையில் தாழ்வான பக்கம் இருக்கிறது. மேட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மூன்று கார்கள். அவருக்கு ஒன்று, குளுவாங்குக்கு வேலைக்குப் போகும் மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. இந்த மாதிரி ஊரில் வண்டி இல்லாமல் வேலைக்குப் போவது எப்படி? கார் நிறுத்தும் இடம் போதவில்லை என்று, வீட்டின் முழு அகலத்துக்கும் லோங்காங் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிட்டார். புல் இருந்த இடத்திலும் சிமெண்டு. பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது.

அடுத்து வந்த பெருமழையில் பலகைக்கு அடியில் இலையும் பிளாஸ்டிக் பையும் போய் அடைத்துக்கொண்டன. உள்ளே கைவிட்டு எடுக்க வழியில்லை. தண்ணீர் சாலைக்கு ஏறி, சாலையிலிருந்து பெரியம்மா வீட்டு வாசலுக்கு இறங்கிவிட்டது. செருப்பு அலமாரி மிதந்ததாம்.

"எங்க வீட்டு முன்னாடிதானேக்கா? என் இடத்துலதானே நிறுத்துறேன்?" என்றாராம் பக்கத்து வீட்டுக்காரர்.

"இடம் உன்னுதுன்னா தண்ணியையும் நீயே வச்சுக்க, தம்பி!"

அன்றோடு பேச்சு நின்றது.

உண்மையில் அந்த இடம் யாருடையது? வீட்டுப் பட்டாவில் நம் நிலம் எல்லைக்கல்லோடு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ளது சாலைக்கான ஒதுக்கீட்டு நிலம். தாமானைக் கட்டி முடித்ததும் மேம்பாட்டாளர் சாலையையும் லோங்காங்கையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். அதனால் 'என் வீட்டு முன்னாடி' என்பது சரி, 'என் இடம்' என்பது தவறு. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 46-ஆம் பிரிவில், சாலையோரத்துத் திறந்த வடிகாலை மூடுவதையும் அடைப்பதையும் குற்றம் என்றே சொல்கிறது. வண்டி உள்ளே ஏற ஒரு சிறு பாலம் எல்லா வீட்டுக்கும் தேவை, அது வேறு. முழு நீளத்தையும் மூடி வண்டி நிறுத்துவது வேறு. எதைக் கட்டுவதானாலும் ஊராட்சி மன்றத்தை முதலில் கேட்டுவிடுவது நல்லது. கட்டியதை உடைப்பதற்கு இரட்டைச் செலவு.

இதைக் கேட்டதும் பெரியம்மாவுக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார். ஆனால் மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஒரு காட்சியைப் பார்த்தேன். பெரியம்மா வாசலைக் கூட்டுகிறார். இலை, தூசி, பூச்சாடியிலிருந்து கொட்டிய மண் எல்லாவற்றையும் கூட்டி நேராக லோங்காங்கில் தள்ளுகிறார்! "எல்லாரும் அப்படித்தான் தள்ளுறாங்க, மழை வந்தா போயிடும்" என்றார். போகிறது, ஆனால் அடுத்த வீட்டுப் பலகை வரைக்கும்தான். அவருக்குக் கீழேயும் நான்கு வீடுகள் இருக்கின்றன.

அந்தத் தாமானில் வேலிக்கு உள்ளே எல்லா வீடும் கண்ணாடி மாதிரி. டைல்ஸைத் தினமும் துடைக்கிறார்கள். வேலிக்கு வெளியே ஒரு பழைய சோபா, டுரியான் தோல், உடைந்த சாமி படம் ஒன்று மரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நமக்கு ஏன் இப்படி ஒரு பழக்கம் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற இடம் பெரும்பாலும் தெருவில்தான் இருக்கும். பட்டா யார் பெயரில் என்று கேட்டு யாரும் சாணம் தெளித்ததில்லை. இங்கே தாமானில் கோலம் கேட்டுக்குள் வந்துவிட்டது. கோலத்தோடு துடைப்பமும் உள்ளே வந்துவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

கடைவரிசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளி வேறு காரணம் சொன்னார். "தோட்டத்துல லயத்து லோங்காங்கைக் கழுவ ஆள் இருந்துச்சு. டிரெசர் வந்து பாப்பாரு. தண்ணி தேங்கினா கிராணியில இருந்து மண்டோர் வரைக்கும் ஏச்சு விழும். நம்ம வேலை இல்ல அது. இங்க வந்தப்புறமும் யாராவது வருவாங்கன்னே உக்காந்திருக்கோம்."

தோட்டத்து லோங்காங்குக்கு அவ்வளவு மரியாதை சும்மா வரவில்லை. 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றிச் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். அதைப் பார்த்துத் தோட்டங்களும் கால்வாய் வெட்டத் தொடங்கின. காய்ச்சலில் விழுந்தவர்களில் ஏராளமானோர் நம் சஞ்சிக்கூலி முன்னோர்கள். கூலி படுத்துவிட்டால் பால் வெட்ட ஆளில்லை என்பது துரைமார் கவலை. ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. ஓடைக்கரைப் புதரை வெட்டி வெயில் பட வைத்ததும், தெளிந்த ஓடும் நீரில் முட்டையிடும் வேறொரு வகைக் கொசு பெருகிவிட்டது. நிழல் இருந்தவரை அது அங்கே வரவில்லை. வாட்சன் நிலத்தடிக் குழாய்களுக்கும் எண்ணெய் தெளிப்புக்கும் மாற வேண்டியதாயிற்று. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதெல்லாம் நல்ல பராமரிப்பு ஆகிவிடாது என்பதை நூறு வருடத்துக்கு முன்பே தோட்டத்து மண் காட்டிவிட்டது. மொத்தமாகச் சிமெண்டு பூசிய ஓரமும் அந்த ரகம்தான். புல் குடித்த மழைநீரைச் சிமெண்டு குடிக்காது.

இன்றைய கவலை டிங்கி. மூடிய பலகைக்கு அடியில் தேங்கும் நீரை யாரும் பார்ப்பதில்லை, கொசு பார்த்துவிடுகிறது. வீட்டு வளாகத்தில் ஏடிஸ் புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி வரை கொம்பவுண்ட் வரும். பூச்சாடித் தட்டும் பழைய டயரும் ஐந்தடி தள்ளி வேலிக்கு வெளியே போய்விட்டால் கொசுவின் முகவரி மாறும், கடிபடுகிறவர் மாறமாட்டார்.

அப்படியானால் புல் வெட்டுவதும் லோங்காங் கழுவுவதும் யார் வேலை? ஜொகூரில் 2011 செப்டம்பர் 1 முதல் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எஸ்.டபிள்யூ.கார்ப் மேற்பார்வையில் எஸ்.டபிள்யூ.எம். நிறுவனத்தின் ஆட்கள் அட்டவணைப்படி வந்து ஊராட்சி மன்றப் பகுதிகளில் ஓரத்துப் புல்லை வெட்டுகிறார்கள், வடிகாலைச் சுத்தம் செய்கிறார்கள். ஆக, முதுகில் எந்திரத்தை மாட்டிக்கொண்டு நாம் இறங்க வேண்டிய அவசியமில்லை. வெளிநாட்டில் கதை வேறு. மெல்பர்னில் வீட்டு முன்னால் உள்ள புல்தரை நகராட்சியின் நிலமாக இருந்தாலும் வெட்டுவது வீட்டுக்காரர் கடமை என்றே எதிர்பார்க்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸிலும் ஓரத்தைப் பராமரிப்பது வீட்டுக்காரர்தான். ஆனால் 2010-இல் ரான் ஃபின்லி என்பவர் தன் வீட்டு ஓரத்தில் காய்கறி போட்டபோது அனுமதி இல்லை என்று நகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. விஷயம் பெரிதாகி 2013-இல் விதியைத் தளர்த்த வேண்டி வந்தது. வெட்டு, ஆனால் நடாதே என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

நமக்கு அந்தச் சுமை இல்லை. நம் பங்கு சிறியது. எந்திரத்தோடு வரும் ஆட்கள் நெருங்க முடியாதபடி ஓரத்தில் கல், கம்பி, பூச்சாடி என்று கோட்டை கட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கூட்டிய இலை பையில் போக வேண்டும். மழைக்கு முன் நம் வீட்டுப் பாலத்துக்கு அடியில் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அட்டவணைப்படி வரும் ஆள் அடுத்த வாரம் வருவார், மழை இன்று ராத்திரி வரும். 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் குளுவாங் மாவட்டமும் தப்பவில்லை. ஆறு பெருகி வரும் வெள்ளத்தை ஒரு லோங்காங் தடுத்துவிடாது. ஆனால் ஆறு அமைதியாக இருக்கும் நாளிலும் செருப்பு அலமாரி மிதக்கிறது என்றால் அது லோங்காங் சமாச்சாரம். பழைய சோபாவுக்கும் ஒரு வார்த்தை: 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போட்டுப் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூகச் சேவை செய்யவும் உத்தரவிடலாம். கையில் துடைப்பத்தோடு நம்மைச் சொந்தக்காரர்கள் பார்க்கும்படி ஆகும்.

பெரியம்மா வீட்டுத் தகராறு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு மகன்தான் முதலில் வந்தார். "பெரியம்மா, அப்பா கேக்க மாட்டாரு, நான் பாத்துக்கிறேன்" என்று, நடுப் பலகைகளை எடுத்துவிட்டுத் தூக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடி போட்டிருக்கிறார். மீதிப் பலகைகள் பற்றி ஊராட்சி மன்றத்தில் கேட்கப் போவதாகச் சொல்கிறார். வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் எவ்வளவு தேறும் என்று தெரியும். பெரியம்மா இலையைப் பையில் அள்ளுகிறார், நான் பார்க்கும்போதாவது.

இப்போது பிரச்சினை மாமரத்துக்கு நகர்ந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் அதே பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே நட்ட மரம். வேர் லோங்காங் சுவரைத் தள்ளுகிறது, வெட்டிவிடலாம் என்று இரண்டு வீடும் அதிசயமாக ஒத்துப்போயின. நான்தான் குறுக்கே நின்றேன். நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், பட்டுப்போன மரம், ஆபத்தான மரம் போன்றவை தவிர, எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அதுவும் நிலம் அரசாங்கத்துடையது. பெரியம்மா உள்ளே போய்த் தையல் டேப்பை எடுத்து வந்து மரத்தைச் சுற்றிப் பிடித்தார். 92 சென்டிமீட்டர்.

"அப்ப கேட்டுட்டுத்தான் வெட்டணும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், ஐந்து மாதத்தில் முதல் முறையாகப் பெரியம்மாவைப் பார்த்து.

"பழம் யாருக்கு தம்பி, அதையும் கேட்டுட்டு வா."

மரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு காய்கூட இல்லை. பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகள் சட்டம் எதையும் புரட்டாமலே அதை முடித்துவிட்டிருந்தார்கள்.