எரிக்கப்பட்டது என்றால், யாரால்?

ராசிங்காபுரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் இந்த மாதம் ஆங்கிலச் செயப்பாட்டு வினை. ‘பேசிவ் வாய்ஸ்’ என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு, மறந்துவிடும் பாடம் அது. ஆனால் சேரிப் பிள்ளைகள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டிய இலக்கணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதலில் பாடம். நிகழ்காலத்துக்கு ‘ஆம், ஈஸ், ஆர்’. இறந்தகாலத்துக்கு ‘வாஸ், வேர்’. அதன் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். அவ்வளவுதான். ‘விமன் பிக் கார்டமம்’, பெண்கள் ஏலக்காய் எடுக்கிறார்கள். இது செய்வினை. ‘கார்டமம் ஈஸ் பிக்டு பை விமன்’, ஏலக்காய் பெண்களால் எடுக்கப்படுகிறது. நேற்று நடந்தது என்றால் ‘ஈஸ்’ போய் ‘வாஸ்’ வரும். பன்மை என்றால் ‘ஆர்’, ‘வேர்’. செய்யப்பட்ட பொருள் முன்னால் வந்துவிடும். செய்தவர் ‘பை’ என்ற சொல்லுக்குப் பின்னால் போய்விடுவார். தமிழில் ‘ஆல்’ செய்யும் வேலைதான் அது.

இதில் ஒரு சலுகை இருக்கிறது. செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, சொல்லத் தேவையில்லை என்று தோன்றினாலோ, அந்தப் ‘பை’யையும் அதன் பின்னால் நிற்பவரையும் விட்டுவிடலாம். வாக்கியம் பிழையாகாது. எங்களுக்குக் கவலை தருவது இந்தச் சலுகைதான். தேவையில்லை என்று முடிவு செய்வது யார்?

ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏலக்காய் பறிக்கப்படுகிறது, உலர்த்தப்படுகிறது, தரம் பிரிக்கப்படுகிறது, போடியில் ஏலம் விடப்படுகிறது.’ இலக்கணப்படி குற்றமே இல்லை. ஆனால் காலையிலேயே ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் நாள் முழுக்கக் குனிந்து செடியின் தூரில் காய் எடுக்கும் எங்கள் தாய்மார்கள் இந்த நான்கு வினைகளில் எங்கே இருக்கிறார்கள்? வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு மாணவி, “அப்ப எங்கம்மா பேரு ‘பை’க்கு அப்புறம் வரணுமாண்ணே?” என்றாள். வரணும் என்றோம். கரும்பலகையில் அவளே எழுதினாள்.

உழைப்பவரை மறைக்கும் இதே வாக்கியம், அடிப்பவரையும் மறைக்கும். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். யாரால்? கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ‘கொல்லப்பட்டனர்’ அப்படியே இருக்கிறது. ‘யாரால்’ என்ற இடம் காலியாகிவிட்டது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் ‘கலக்கப்பட்டது’. இரண்டாண்டுகள் காலியாகவே கிடந்த அந்த இடத்தை, 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை நிரப்பியது. அதே ஊரின் பட்டியல் சாதியைச் சேர்ந்த மூன்று பேரின் பெயரால். ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. எங்கள் பக்கத்திலேயே, 1989இல் போடி வட்டாரத்தில் நடந்ததைக் ‘கலவரம் வந்தது’ என்றுதான் இன்றும் பேசுகிறார்கள். மழை வருவதைப் போல.

அதற்காகச் செயப்பாட்டு வினையே நமக்கு எதிரி என்று சொல்லவில்லை. ‘தாழ்ந்த சாதி’ என்றார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை, நாமே தாழ்ந்து கிடந்தோம் என்று அதற்குப் பொருள். நாம் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்று திருத்தினோம். ‘ஒடுக்கப்பட்டோர்’ என்றோம். ‘தலித்’ என்பதும் நொறுக்கப்பட்டவர் என்ற செயப்பாட்டுச் சொல்தான். ‘பட்ட’ என்று சேர்த்த உடனே, செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது வெளியே வந்துவிடுகிறது. நம் இயக்கங்கள் இலக்கணத்தால் பெற்ற வெற்றி அது.

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் நிகழ்காலச் செயப்பாட்டு வினையில்தான் தொடங்குகிறது. ‘அன்டச்சபிலிட்டி ஈஸ் அபாலிஷ்டு’. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது. தொடர்ந்து, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது ‘ஈஸ் ஃபர்பிடன்’, தடை செய்யப்படுகிறது. அரசையும் தனிமனிதரையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் வாக்கியம் என்பதால் அங்கே ஒருவரையும் சுட்டத் தேவையில்லை. ஆனால் கடைப்பிடிக்கிறவர்களைப் பிடிக்க அந்த வாக்கியம் மட்டும் போதவில்லை. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு ‘ஹூயெவர்’ என்று தொடங்குகிறது. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத எவர் ஒருவர் இதைச் செய்கிறாரோ என்று, செய்பவரை முதல் சொல்லிலேயே எழுவாயாக நிறுத்தும் செய்வினை அது. 

புகார் மனு எழுத நம் மக்களோடு உட்காரும்போது இதைத்தான் பார்க்கிறோம். ‘நான் சாதி சொல்லித் திட்டப்பட்டேன்’, ‘எங்கள் பாதை அடைக்கப்பட்டது’ என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். பயம் பெயரை விழுங்கிவிடுகிறது. நாங்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்புகிறோம். திட்டியவர் யார், அவர் என்ன சாதி, என்ன சொல் சொன்னார், எந்த இடத்தில், பார்த்தவர் கேட்டவர் யார்? பொதுப் பார்வையில் உள்ள இடத்தில் நடந்ததா என்பது சட்டத்துக்கு முக்கியம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் மனுவிலேயே செய்தவர் பெயர் இல்லாவிட்டால், ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எழுதிவிட்டுப் போவது காவல் நிலையத்துக்கு எளிது.

உங்கள் ஊரில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை நடத்தும்போது அன்றைய செய்தித்தாளை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். ‘தாக்கப்பட்டார்’, ‘எரிக்கப்பட்டது’, ‘மறுக்கப்பட்டது’ என்று முடியும் வாக்கியங்களைப் பிள்ளைகள் அடிக்கோடிடட்டும். ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ போட்டு எழுதி, ‘பை’ என்று சேர்த்து ஒரு கோடு விடட்டும். விடை செய்தியில் இருந்தால் நிரப்பட்டும். இல்லாவிட்டால் அந்தக் கோடு அப்படியே இருக்கட்டும். எத்தனை கோடுகள் காலியாக இருக்கின்றன என்று வகுப்பு முடிவில் எண்ணிப் பாருங்கள்.