நார்வேயும் ஜவ்வாது மலையும்

நார்வேக்கும் ஜவ்வாது மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? ஒன்று குளிர்கடல் ஓரத்து எண்ணெய் நாடு. மற்றொன்று சாமை விதைத்து, புளி உலுக்கி, தேன் எடுத்துப் பிழைக்கும் மலை. கொஞ்சம் பொறுங்கள், சம்பந்தம் இருக்கிறது.

ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேரலாமா என்று நார்வே தன் மக்களை இரண்டு முறை கேட்டது. 1972-ல் 53.5 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். 1994-ல் 52.2 சதவீதம் பேர். கடலும் நிலமும் அடுத்தவர் கைக்குப் போய்விடுமோ என்று மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயம். ஆனால் வியாபாரம் நடக்க வேண்டுமே! அதனால் 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. பொதுச் சந்தையின் சட்டங்களை ஏற்கிறது, பணமும் கட்டுகிறது. ஆனால் அந்தச் சட்டங்களுக்கு ஓட்டுப் போட அதற்கு இடம் இல்லை. மீனையும் விவசாயத்தையும் மட்டும் பெரும்பாலும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

சரி, மலைக்கு வருவோம்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இங்கே அதிகம் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பேசுவது தமிழ்தான். நார்வேக்கு இல்லாத ஓட்டு இவர்களுக்கு உண்டு. ஆனால் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே இரண்டு. ஜவ்வாது மலை அதில் இல்லை.

கீழே இருப்பவர்களுக்கு மலை எப்போதும் தேவைப்பட்டது. வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருந்ததால் காவலூரில் தொலைநோக்கிகள் வந்தன. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மலையில் வேலை இல்லாத இளைஞர்களைத் தேடி வேறு ஆட்களும் வந்தார்கள், செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குக் கூட்டிப் போக. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செத்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. வெளியுலகத்தோடு இப்படியும் ஓர் உறவு!

காட்டில் காலங்காலமாக வாழ்பவர்களுக்கு நிலத்தின் மேல் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தமிழ்நாட்டிலோ உயர் நீதிமன்றத்தின் ஓர் இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது வருடக்கணக்கில் நின்றுபோனது. 2016-ல் உச்ச நீதிமன்றம்தான் அதை நீக்கியது. நார்வேக்காரர் தன் மீனுக்காக 'வேண்டாம்' என்று சொல்லும்போது கையில் எண்ணெய்ப் பணம் இருந்தது. மலைக்காரரிடம் என்ன இருந்தது? காத்திருப்பு மட்டும்.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு வரி முக்கியமானது. யாருக்கு எந்த நிலம் என்ற உரிமைக் கோரிக்கையை முதலில் எடுத்துப் பரிசீலிப்பது கிராம சபை. தாசில்தாரும் ரேஞ்சரும் அதற்குப் பிறகுதான். நார்வே மக்களிடம் கேட்ட கேள்வி மாதிரி ஒன்றை, ஊர்க்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து தங்களுக்குள் கேட்டுக்கொள்ள சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

பெரியவர்களோடு சேர்வதா, தனியே நிற்பதா என்பது இரண்டாவது கேள்வி. நம்மைக் கேட்டார்களா என்பதுதான் முதல் கேள்வி. நார்வேயை இரண்டு முறை கேட்டார்கள். மலையில் கிராம சபை கூடும் நாளில், அந்தக் கேள்வி நிஜமாகவே கேட்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.