மயில் மீனின் கண்ணும் ஆபரேஷன் தியேட்டரும்

போன ஞாயிறு கரிமேடு மார்க்கெட்ல ஒரு மயில் மீன் பார்த்தேன். ஆறடிக்கு மேல நீளம், ஈட்டி மாதிரி மூக்கு, முதுகுல தோகை மாதிரி துடுப்பு. பாம்பன் சரக்கு, ஐஸ்ல வந்தது. "அண்ணே, தலையை மட்டும் குடுங்க"ன்னேன். "குழம்புக்கு ஆகாதே டாக்டர்"னு சிரிச்சார்.

எனக்கு வேண்டியது கண்ணுக்குப் பின்னால், மூளையை ஒட்டி இருக்கும் பழுப்பு நிறச் சதை.

(இந்த மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று எல்லா இடத்திலும் போட்டிருப்பார்கள். நம்பாதீங்க. இரை பிடிக்கும்போது கருவி வைத்து அளந்ததில் வந்தது சுமார் 30.)

கண்ணை மேலே உருட்ட ஒரு தசை நமக்கும் உண்டு. மயில் மீனில் அதன் பெரும்பகுதி சுருங்கும் வேலையையே விட்டுவிட்டது. செல்லுக்குள் கால்சியம் சேமிக்கும் பைகளும் மைட்டோகாண்ட்ரியாவும்தான் நிறைந்திருக்கும். நரம்பு தூண்டியதும் பையிலிருந்து கால்சியம் வெளியே வரும், பம்ப் அதைத் திரும்ப உள்ளே இறைக்கும். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. கிணத்துல இறைச்ச தண்ணியைக் கிணத்துலயே ஊத்துற கதை. மிச்சம் சூடு மட்டும்தான்.

அந்தச் சூடுதான் குளிர்ந்த ஆழத்திலும் மூளையையும் கண்ணையும் கதகதப்பாக வைக்கிறது. இதன் உறவுக்காரரான வாள்மீனில் சுற்றியுள்ள நீரைவிட 10 முதல் 15 டிகிரி அதிகம் இருக்கும். சூடான கண், வேகமாக ஓடும் இரையைத் தெளிவாகப் பார்க்கும்.

இதே கூத்து மனுஷ உடம்பில், எல்லாத் தசைகளிலும் ஒரே நேரத்தில் நடந்தால்?

நடக்கும். சில குடும்பங்களில் அந்தக் கால்சியம் கதவில் பரம்பரைக் கோளாறு இருக்கும். மற்றபடி ஆரோக்கியமான ஆள். ஹாலோதேன், செவோஃப்ளூரேன் மாதிரி முகர வைக்கும் மயக்க மருந்தோ, சக்சினைல்கோலினோ கொடுத்ததும் கதவு திறந்துகொள்ளும். தாடை இறுகும், இதயம் தறிகெட்டு ஓடும், காய்ச்சல் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். பெயர் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா. அபூர்வம்தான். டான்ட்ரோலின் என்ற மருந்து வருவதற்கு முன் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை.

1960இல் மெல்போர்னில் கால் உடைந்து வந்த ஒரு மாணவர், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் ஈதர் கொடுத்தபின் இறந்திருந்தார்கள். ஹாலோதேன் கொடுத்தார்கள், அவருக்கும் அதேதான் ஆரம்பித்தது. உடனே நிறுத்தி, ஐஸ் வைத்துக் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். இந்த நோய் மருத்துவ உலகுக்குத் தெரிந்ததே அவரால்தான்.

இப்போ நம்மூர். சில வருஷம் முன்னாடி மேலூர் பக்கத்திலிருந்து ஒருத்தர், குடலிறக்க ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் வாங்க வந்தார். ஈசிஜி, சுகர் எல்லாம் சரி. "வீட்ல யாருக்காவது மயக்க மருந்துல பிரச்சினை வந்துச்சா?" "இல்ல சார்." கூட வந்த அம்மா கண்ணைத் துடைத்தார். அப்புறம்தான் சொன்னார்: "என் தம்பி சார். மயக்கம் குடுத்தாங்க, உடம்பு நெருப்பா கொதிச்சுது, போயிட்டான். ஆபரேஷன் நேரத்துல அந்தப் பேச்சு எதுக்குன்னு..."

தாய்மாமன் இறந்தது இதனால்தானா என்று இனி நிரூபிக்க வழியில்லை. நிரூபிக்கத் தேவையும் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு. மயக்கவியல் டாக்டருக்கு உடனே போன் போட்டேன். முதுகில் ஊசி போட்டு, ஆபத்தான மருந்து எதையும் தொடாமல் முடித்தார். ஆள் மறுநாளே இட்லி கேட்டார்.

உங்க வீட்ல இப்படி ஒரு கதை இருந்தா, ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்கவியல் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அபசகுனம்னு மறைக்காதீங்க. மாற்று மருந்துகள் இருக்கு.

மீன் தலையை வெட்டிப் பார்த்தேன். பழுப்புச் சதை இருந்தது. வீட்ல இன்னும் கத்தியைத் திருப்பித் தரல, தனியா வச்சுக்கோன்னுட்டாங்க.