டிக்கெட்டில் இருந்த பழைய பெயர்

கணினித் துறையில் நான் பார்த்த வம்புகளில் பாதி, இரண்டு புரோகிராம்கள் ஒன்றையொன்று நம்ப மறுத்ததால் வந்தவை. அதிலும் கெர்பரோஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. 1980களில் எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்தில் உருவான இந்த முறையிலும் மூன்று பேர்: கேட்கிறவர், கொடுக்கிற சர்வர், இருவரும் நம்பும் சாவி மையம். பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் போகாது. எந்த சர்வரின் பெயரைச் சொல்கிறோமோ, அதன் சாவியால் பூட்டிய டிக்கெட்டை மையம் தரும். வேறு சர்வரால் அதைத் திறக்க முடியாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எங்கள் அலுவலகத்தில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். ஐ.பி. முகவரி அதேதான், பெயர் மட்டும் புதிது. மறுநாள் ஜாவா புரோகிராம் ஜம்மென்று உள்ளே போனது. சி-யில் எழுதியது வாசலிலேயே நின்றுவிட்டது.

அதை எழுதியது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சின்னப் பெண். "ஜாவா ஓடுகிறதே, அப்போ உன் கோடில்தான் கோளாறு" என்று மீட்டிங்கில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் ஜாவாவில் மாற்றி எழுத வேண்டும் என்று பேச்சு. அவள் ஒப்பந்தமோ அந்த மாதத்தோடு முடிகிறது.

"கோடு இருக்கட்டும்மா, முதல்ல டிக்கெட்டைப் பார்ப்போம்" என்றேன். கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தாலே கெர்பரோஸ் பொதுவாக மறுத்துவிடும். அது சரியாக இருந்தது. அடுத்து கே-லிஸ்ட் கட்டளை கொடுத்தோம். டிக்கெட்டில் பழைய சர்வரின் பெயர்!

"நான் புதுப் பெயரைத்தானே சார் கொடுத்திருக்கேன்?"

உண்மைதான். ஆனால் அவள் பயன்படுத்திய எம்.ஐ.டி. லைப்ரரி, கொடுத்த பெயரிலிருந்து முகவரியையும், முகவரியிலிருந்து மறுபடி பெயரையும் டி.என்.எஸ்.ஸில் தேடும். அந்தத் தலைகீழ்ப் பதிவில் பழைய பெயரே கிடந்தது. சாவி மையத்திலும் பழைய கணக்கை யாரும் நீக்கவில்லை. அதனால் டிக்கெட் தாராளமாகக் கிடைத்தது. புது சர்வரிடம் அதைத் திறக்கத்தான் சாவி இல்லை. ஜாவாவும் டி.என்.எஸ்.ஸைக் கேட்கும். ஆனால் வருகிற பெயர், நாம் கொடுத்த பெயரின் முழு வடிவமாக இல்லாவிட்டால் அதைக் கண்டுகொள்ளாது. ஆக, ஜாவா ஓடியதே பழைய பதிவை மறைத்துவிட்டது.

டி.என்.எஸ். பதிவைத் திருத்தினார்கள். சி புரோகிராம் ஓடியது. கோடில் ஒரு வரிகூட மாறவில்லை.

ஒப்பந்தத்தையும் நீட்டித்தார்கள். மீட்டிங்கில் சொன்ன தீர்ப்பை மட்டும் யாரும் வாபஸ் வாங்கவில்லை. அவளும் கேட்கவில்லை, கே-லிஸ்ட் காட்டியதை அச்செடுத்துத் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டாள்.