மைனஸ் 120 டிகிரியில் 3 நிமிடம்... போலந்து காட்டுக்குள் ஒரு குளிர் அறை!

ஊர் பெயர் ஸ்பாவா. பெயரைக் கேட்டு மசாஜ் சென்டர் என்று நினைத்துவிடாதீர்கள். போலந்தில் பிலிட்சா ஆற்றங்கரையில், காட்டுக்கு நடுவே இருக்கும் குட்டிக் கிராமம் இது. ரஷ்யப் பேரரசர்கள் வேட்டையாட வந்து தங்கிய இடம். பிறகு போலந்து அதிபர்களின் ஓய்விடம். மரத்தால் கட்டிய தேவாலயம், இரும்பில் வார்த்த காட்டெருமைச் சிலை, பைன் மரங்கள்... அவ்வளவுதான் ஊர். ஆனால், விளையாட்டு வீரர்கள் இங்கே தேடி வருவது வேறொன்றுக்காக.

இங்குள்ள ஒலிம்பிக் பயிற்சி மையத்தின் ‘கிரையோதெரபி’ அறையில் குளிர் மைனஸ் 120 டிகிரியைத் தாண்டும். 2011 ரக்பி உலகக் கோப்பைக்கு முன்பு வேல்ஸ் அணி இங்கே முகாம் போட்டது. அரைக்கால் சட்டை, நீளமான சாக்ஸ், கையுறை, காதை மூடும் பட்டை, மாஸ்க், காலில் மரச்செருப்பு. ரக்பி வீரர்களை இந்தக் கோலத்தில் கற்பனை செய்து பாருங்கள்! வியர்வையை நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் அப்படியே உறைந்து தோலைப் புண்ணாக்கிவிடும். முதலில் மைனஸ் 60 அளவில் ஒரு முன்னறை. பிறகு உள்ளறை. அதிகபட்சம் 3 நிமிடம். கும்பலாகத்தான் போவார்கள். வெளியே ஒருவர் கண்காணித்தபடியே இருப்பார்.

1970-களின் கடைசியில் ஜப்பான் மருத்துவர் தோஷிமா யமாவுச்சி, முடக்குவாத நோயாளிகளுக்காகத் தொடங்கிய சிகிச்சை இது. இன்று ஜிம், அழகு நிலையம் வரை வந்துவிட்டது. வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, குளிர் எங்கிருந்து வருகிறது என்பதை.

தலை மட்டும் வெளியே தெரியும் உருளை மெஷின்தான் விலை குறைவு. இடமும் அதிகம் பிடிக்காது. பெரும்பாலும் அதில் திரவ நைட்ரஜன் ஆவியாகி, உடலைச் சுற்றி நேரடியாகப் படரும். 1 லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். நிறம், மணம் எதுவும் இல்லாத அந்த வாயு, மூடிய அறையில் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும். மூச்சுத் திணறல்கூடத் தெரியாது, நேராக மயக்கம்தான்.

2015 அக்டோபரில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் அருகே 24 வயது ஊழியர் ஒருவர், வேலை முடிந்த பிறகு தனியாக இப்படியொரு மெஷினுக்குள் போனார். மறுநாள் சடலமாகத்தான் கண்டெடுக்கப்பட்டார். ஆக்ஸிஜன் குறைவால் மூச்சடைத்து மரணம் என்றது பரிசோதனை. படிக்கும்போதே என்னவோ செய்தது. என் வயதுக்காரர்!

மின்சாரத்தில் இயங்கும் அறை வகையில் உள்ளே இருப்பது சாதாரணக் காற்றுதான். விலை அதிகம், கரன்ட் பில்லும் எகிறும், கம்ப்ரஸர் வெளியேற்றும் சூட்டுக்கு வழிசெய்ய வேண்டும். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நைட்ரஜன்தான் கட்டுப்படியாகும் என்றால் காற்றோட்டம், ஆக்ஸிஜன் அளவு குறைந்தால் அலறும் கருவி இரண்டையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

விளம்பரத்திலும் அடக்கி வாசிப்பது நல்லது. வயது குறையும், நோய் போகும் என்ற வாக்குறுதிகளுக்கு ஆதாரம் போதவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2016-ல் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், கட்டுப்படாத பி.பி உள்ளவர்களை உள்ளே விடவே கூடாது.

மெஷின் விற்க வருபவரிடம் இதையும் கேளுங்கள்: கதவு உள்ளிருந்து தள்ளினாலே திறக்குமா? கடை மூடிய பிறகு யாரும் தனியாக இயக்க முடியாதபடி பூட்ட வழி இருக்கிறதா?