பீரோவில் இருக்கும் கல்யாண டிவிடி: காப்பி எடுக்க மவுஸா, கட்டளையா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பல வீட்டு பீரோக்களில் துணிகளுக்கு அடியில் ஒரு கல்யாண டிவிடி கிடக்கும். இன்று உயிரோடு இல்லாத தாத்தா, அதில் பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பார். வளைகுடாவில் இருக்கும் மாமாவுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று போக, மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

இத்தகைய டிவிடியில் தகவல் பதிவது மெல்லிய சாயப் படலத்தில். வெயிலும் சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கெடும் முன் காப்பி எடுப்பதே வழி.

2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தால் பல வீடுகளுக்குள் லினக்ஸும் வந்தது. லினக்ஸில் டிவிடி எழுத இரண்டு வழிகள். கே3பி, பிரேசரோ போன்ற செயலிகளில் மவுஸால் க்ளிக் செய்வது ஒன்று. டெர்மினலில் கட்டளையை டைப் செய்வது இன்னொன்று.

உண்மையில் கே3பி தானாக எழுதுவதில்லை. குரோஐசோஎஃப்எஸ், சிடிரெக்கார்டு போன்ற கட்டளைகளைத்தான் பின்னால் இயக்குகிறது. பந்தியில் பரிமாறுபவர் கண்ணுக்குத் தெரிவார். சோறு வெந்தது ஆக்குப்புரையில்!

டிவிடி நன்றாக ஓடுகிறதா? கே3பி போதும். எழுதியதைச் சரிபார்க்கும் வசதியை மட்டும் மறக்காமல் டிக் செய்யுங்கள்.

கீறல் விழுந்து, தாலி கட்டும் இடத்தில் படம் நிற்கிறதா? அங்கேதான் கட்டளை கைகொடுக்கும். 'டிடிரெஸ்க்யூ' முதலில் நல்ல பகுதிகளைப் படித்து, ஹார்டுடிஸ்க்கில் ஒரே கோப்பாகச் சேமிக்கும். பிறகு பழுதான இடங்களைத் திரும்பத் திரும்ப முயலும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கச் சொன்னால், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பைப் புது டிவிடியில் எழுத குரோஐசோஎஃப்எஸ் போதும்.

ஒரு எச்சரிக்கை. பல கட்டளைகள் 'நிச்சயமா?' என்று கேட்காது. எழுத வேண்டிய சாதனத்தின் பெயரை மாற்றி டைப் செய்தால், வேறு டிஸ்க்கில் இருப்பதும் அழியலாம். என்டர் தட்டும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும், அந்தக் கோப்பு இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்று வீட்டில், இன்னொன்று மாமா வீட்டில்.